இரண்டாம் பக்கத்துக் கையெழுத்து

மிஷனெரி இயக்கத்தின் சார்பில் சபை சபையாகப் போய், "போங்கள், போக முடியாவிட்டால் போகிறவரைத் தாங்குங்கள்" என்று கேட்கிற வேலைக்கு நீங்கள் புதிதாக வந்திருக்கிறீர்கள். அந்த வேலையை இருபத்தொன்பது வருடம் செய்துவிட்டுப் போன மாதம்தான் அலுவலகச் சாவியை ஒப்படைத்தேன். வழியனுப்பு விழாவில் சால்வை போட்டார்கள். வீட்டில் ஏற்கெனவே இருக்கும் சால்வைகளைத் தைத்தால் ஒரு கல்யாண மண்டபத்துக்குத் திரை ஆகும் என்கிறாள் என் மனைவி.

உங்களுக்கு உதவியாக நாலு பக்கம் எழுதித் தரச் சொன்னார்கள். எப்படிப் பேசுவது, எத்தனை நிமிடம் பேசுவது, ப்ரொஜெக்டர் சதி செய்தால் என்ன செய்வது என்பதெல்லாம் நீங்களே அடிபட்டுத் தெரிந்துகொள்வீர்கள். நான் ஒரு சனிக்கிழமையைப் பற்றி மட்டும் எழுதுகிறேன்.

அதற்கு முன்னால் ஒரு வாக்குமூலம். நான் மிஷனெரியாக ஒருநாளும் போனதில்லை. பணித்தளங்களைப் பார்க்கப் போயிருக்கிறேன். ஒவ்வொரு முறையும் சட்டைப்பையில் திரும்பி வருகிற டிக்கெட் இருந்தது, அதுவும் கீழ்ப் படுக்கை. கல்யாணத் தரகர்களில் பிரம்மச்சாரிகள் உண்டு இல்லையா, அந்த ரகம். ஊருக்கு உபதேசம் செய்து ஓய்வு பெற்றவன் சொல்வதை எவ்வளவு எடுத்துக்கொள்ளலாம் என்பதை நீங்களே முடிவு செய்துகொள்ளுங்கள்.

எங்கள் வேலையின் உச்சக்கட்டம் செய்தி முடிகிற அந்தக் கடைசிப் பத்து நிமிடம். அறைகூவல் என்போம். கீபோர்டு வாசிக்கும் தம்பியிடம் கண்ணைக் காட்டினால் மெதுவாக ஒரு ராகத்தை விடுவான். "கர்த்தர் உங்களோடு பேசினால் இருக்கிற இடத்திலேயே எழுந்து நில்லுங்கள்" என்று குரலைத் தாழ்த்தி நான் சொல்வேன். எல்லாருக்கும் கண் மூடியிருக்கும், எனக்கு மட்டும் திறந்திருக்கும். அந்தத் திறந்த கண் எப்போதும் போய் நிற்கிற இடம் கடைசி பெஞ்சு. அங்கேதான் இளைஞர்கள், சுவரில் சாய்ந்து, போனைத் தொடைக்கு அடியில் ஒளித்து உட்கார்ந்திருப்பார்கள். "இளைஞனே, உன்னைத்தான்" என்பேன்.

முன்னால், எனக்கும் அவர்களுக்கும் நடுவில், பாய் விரித்து அம்மாக்கள் உட்கார்ந்திருப்பார்கள். அவர்கள் தலைக்கு மேலே என் பார்வை போய்விடும். கடைசி பெஞ்சு பணித்தளத்துக்குப் போகிறவர்களுக்கு, பாய் காணிக்கை கொடுக்கிறவர்களுக்கு என்று மனதுக்குள் ஒரு பிரிவினை வைத்திருந்தேன். இதை யாரும் எனக்குக் கற்றுக்கொடுக்கவில்லை. என் தவறுகளில் பெரும்பாலானவை சொந்தத் தயாரிப்புதான்.

சில வருடங்களுக்கு முன், குரோம்பேட்டைப் பக்கம் ஒரு சபை. வடக்கே ஒரு மலையடிவாரத்தில் எங்கள் இயக்கம் நடத்தும் பிள்ளைகள் விடுதியின் படங்களைக் காட்டினேன். அந்த விடுதிக்கு ஒரு காப்பாளர் வேண்டும் என்று மூன்று வருடமாக எல்லாச் சபைகளிலும் அறிவித்துக்கொண்டிருந்தேன். அந்த வருடம் விடுதிக்கு மட்டுமில்லை, எந்தப் பணித்தளத்துக்கும் என் மூலம் ஒரு ஆளும் கிடைக்கவில்லை. கமிட்டியில் என் பெயர் வரும்போது பெரியவர்கள் தண்ணீர் குடிக்க ஆரம்பித்திருந்தார்கள்.

அன்றைக்குக் கடைசி பெஞ்சில் ஒருவன் எழுந்து நின்றான்.

ஆசீர் என்று பெயர். இருபத்தாறு வயது. மறைமலைநகரில் கார் உதிரிபாகத் தொழிற்சாலையில் தரப் பரிசோதகர். ஆராதனை முடிந்ததும் அவனுடைய அம்மா அவன் மணிக்கட்டைப் பிடித்து என்னிடம் அழைத்து வந்தார். பெயர் லில்லி புஷ்பம். பொத்தேரியில் ஜி.எஸ்.டி. ரோட்டை ஒட்டி ஒரு தனியார் பெண்கள் விடுதியில் வார்டன். கணவர் ரயில்வேயில் இருந்தவர், ஆசீர் பத்தாவது படிக்கும்போது இறந்துவிட்டார். இவ்வளவையும் ஒரே மூச்சில் சொல்லிவிட்டு, எது முக்கியமோ அதற்கு வந்தார்.

"ஏழு மாசக் குழந்தையில இவனுக்கு ஜுரம் மூளைக்கு ஏறிடுச்சு பிரதர். டாக்டர் கையை விரிச்சுட்டாரு. ஆஸ்பத்திரிப் படிக்கட்டுல உக்காந்து, பிழைக்க வச்சா இவனை உமக்கே குடுத்துடுறேன்னு பொருத்தனை பண்ணேன். இருபத்தஞ்சு வருஷமா கடன்ல இருக்கேன்."

நம் சபைகளில் இப்படி நேர்ந்துகொள்ளப்பட்ட பிள்ளைகள் தெருவுக்கு ஒருவர் உண்டு. பெரும்பாலானவர்கள் பொறியியல் முடித்துவிட்டுப் பெற்றோர் மறக்கும்வரை காத்திருப்பார்கள். லில்லி அக்கா மறக்கவில்லை. ஆசீர் பைக்கில் தாமதமாக வந்தால் அழுவார், இருமினால் அழுவார். வாங்கவேண்டிய கர்த்தர் வாங்காமலேயே போய்விடுவாரோ, அல்லது வேறு மாதிரி வாங்கிக்கொள்வாரோ என்ற பயம். இதையெல்லாம் நான் பின்னால்தான் தெரிந்துகொண்டேன். அன்று எனக்குத் தெரிந்தது ஒன்றுதான்: ஆள் கிடைத்துவிட்டது.

விண்ணப்பப் படிவம் நாலு பக்கம். முதல் பக்கம் பெயர், ஊர், படிப்பு. இரண்டாம் பக்கத்தில் ஒரே ஒரு கேள்வி: "உங்கள் அழைப்பைப் பற்றி உங்கள் சொந்த வார்த்தைகளில் எழுதுக." மீதி முழுக்கக் கோடு. ஒரு வாரத்தில் படிவம் நிரம்பி வந்தது.

எங்கள் அலுவலகத்தில் விண்ணப்பங்களைப் பார்க்கிற சகோதரி ஒருவர் இருந்தார். பெயர் போடக் கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறார். என்னைவிடப் பதினைந்து வயது இளையவர். நான் பேசிப் பேசிச் சேர்த்ததை, பேசாமல் இருந்தே சரிசெய்துகொண்டிருந்தவர். இந்த வேலையில் எனக்கு ஆசான் என்று ஒருவர் உண்டென்றால் அவர்தான். அவருக்கு இது தெரியாது, தெரிந்தால் சிரிப்பார். அவர் படிவத்தை என் மேஜையில் வைத்து, "சார், ரெண்டாம் பக்கத்தை எழுதினவங்கள ஒருவாட்டி பாத்துப் பேசுங்க" என்றார்.

புரட்டிப் பார்த்தேன். முதல் பக்கம் ஆசீரின் எழுத்து, மழையில் நனைந்த கோழி நடந்த மாதிரி. இரண்டாம் பக்கம் முத்து முத்தாக, வேறு கை.

"அம்மாவ எழுதச் சொல்லியிருப்பான். எவ்வளவு அழகா எழுதியிருக்காங்க பாருங்க" என்றேன்.

சகோதரி படிவத்தை என் பக்கமாக இன்னும் ஒரு விரல் நகர்த்தி வைத்துவிட்டுப் போனார். அந்த ஒரு விரல் நகர்த்தலை நான் கவனித்திருக்க வேண்டும்.

நான் கவனித்தது விஷயத்தை. கமிட்டியில் அந்தப் பக்கத்தை உரக்க வாசித்தேன். "இருபத்தாறு வயதுப் பையனுக்கு எவ்வளவு நுட்பமான பார்வை" என்று என் கண்டுபிடிப்பைப் போலப் பெருமைப்பட்டேன். பெரியவர்கள் தண்ணீர் குடிக்கவில்லை. நேர்காணலில் ஆசீரிடம் கேட்ட எல்லாக் கேள்விக்கும் நானே பாதிப் பதிலைச் சொல்லிவிட்டேன். அவன் மீதிப் பாதிக்குத் தலையாட்டினான்.

அடுத்து ஜெப அட்டை. நீங்களும் அடிப்பீர்கள். மிஷனெரியின் படம், பெயர், போகும் இடம். வீடு வீடாகக் கொடுத்தால் குளிர்சாதனப் பெட்டியின் கதவில் ஒட்டி வைத்து, பாலை எடுக்கும்போதெல்லாம் ஜெபிப்பார்கள். எல்லாம் முடிந்த பிறகுதான் அட்டை அடிக்க வேண்டும் என்பது முறை. சபை ஆண்டுவிழாவிலேயே ஆசீரை அர்ப்பணித்து அனுப்பிவிடலாம் என்ற அவசரத்தில் நான் முதலில் அட்டையை அடித்தேன். மிஷனெரி என்றால் ஜிப்பா என்பது என் தலைமுறையின் மூடநம்பிக்கை. என் ஜிப்பாவையே அவனுக்கு மாட்டினேன். என் சுற்றளவு உங்களுக்குத் தெரியும். படத்தில் பையன் கூடாரத்துக்குள்ளிருந்து எட்டிப் பார்ப்பதுபோல இருந்தான். முகத்தில் இருந்த கலவரத்தை நான் தாழ்மை என்று எடுத்துக்கொண்டேன். ஐந்நூறு அட்டையில் பாதிக்குமேல் ஆண்டுவிழாவுக்கு முன்னாலேயே ஜெபக்குழுக்களுக்குப் போய்விட்டது.

ஞாயிற்றுக்கிழமை விழா. முந்தின நாள் மதியம் மூன்று மணிக்கு, அஸ்தினாபுரத்தில் என் வீட்டு வாசலில் ஆசீரின் பைக் வந்து நின்றது.

கையில் ஹெல்மெட்டோடு உள்ளே வந்தான். என் மனைவி காபி கொடுத்தாள். இரண்டு வாய் குடித்துவிட்டு, தரையைப் பார்த்துச் சொன்னான்.

"அண்ணா, போகமாட்டேன்னு சொல்ல வரல. போயிடுவேன். ஆனா என்னை யாரும் கூப்பிட்ட மாதிரி எனக்குத் தோணல. அன்னிக்கு நின்னது அம்மா திரும்பிப் பாத்தாங்கன்னுதான்."

இந்த மாதிரி நேரத்துக்கென்று என்னிடம் ஒரு வாக்கியம் தயாராக இருக்கும். காலை எடுத்து வை, அழைப்பு வழியில் வந்து சேர்ந்துகொள்ளும் என்று. பல கூட்டங்களில் கைதட்டு வாங்கிய வாக்கியம். அதைச் சொன்னேன். நாளைக்குப் பந்தல், பேனர், இருநூறு பேருக்குப் பிரியாணி, வெளியூரிலிருந்து வரும் விருந்தாளிகள், கமிட்டிப் பெரியவர்கள் எல்லாரும் என் பின்னால் நின்று அந்த வாக்கியத்தைத் தள்ளிக்கொண்டிருந்தார்கள்.

"சரிண்ணா" என்றான் ஆசீர்.

எதிர்த்துப் பேசியிருந்தால் எனக்கு வசதியாக இருந்திருக்கும். இவன் மீதிக் காபியைக் குடித்துவிட்டு, டம்ளரைக் கொண்டுபோய் அடுப்படியில் வைத்துவிட்டு, ஹெல்மெட்டை எடுத்தான். அந்தக் கீழ்ப்படிதல் என்னை என்னவோ செய்தது. பத்து மாதத்தில் பணித்தளத்திலிருந்து சொல்லாமல் கொள்ளாமல் திரும்பி வந்த சிலரை எனக்குத் தெரியும். எல்லாரும் இப்படித்தான் "சரிண்ணா" என்றவர்கள்.

அவனுக்குத் தைரியம் சொல்லலாம் என்று பையிலிருந்து விண்ணப்பத்தை எடுத்தேன். "நீ எழுதினதை நீயே கேளு" என்று இரண்டாம் பக்கத்தை வாசித்தேன். அது இப்படி இருந்தது:

"பிரதர் காட்டிய படத்தில் பிள்ளைகள் வரிசையாக உட்கார்ந்து சாப்பிடுகிறார்கள். இடது பக்கம் கடைசியில் இருக்கிற பெண்பிள்ளை சாப்பிடாமல் தலையைச் சொறிகிறாள். பேன் இருக்கிறது. சோறு குவிந்திருக்கிறது, குழம்பு தண்ணீராக ஓடுகிறது. அளவு தெரியாத ஆள் சமைக்கிறார். யாராவது போய் அந்தப் பிள்ளைக்குத் தலை வாரிவிட வேண்டும், குழம்பில் பருப்புப் போட வேண்டும். அந்தப் படத்தைப் பார்த்ததிலிருந்து எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. இதைத்தான் அழைப்பு என்பார்களா என்று எனக்குத் தெரியாது. ஆனால் போக வேண்டும்."

ஆசீர் வாயைத் திறந்தபடி நின்றான். "இது நான் எழுதல அண்ணா."

"தெரியும்டா. நீ சொல்லச் சொல்ல அம்மா எழுதினாங்க."

"நான் சொல்லவே இல்லண்ணா. அன்னிக்கு எனக்கு ரெண்டாவது ஷிஃப்ட், முதல் பக்கத்தை எழுதி வச்சுட்டுப் போயிட்டேன். வந்ததும் கையெழுத்து மட்டும் போட்டேன். சபையில உங்க படம் ஓடும்போது நான் வாசல்ல நின்னு போன் பேசிட்டிருந்தேன். எந்தப் பொண்ணு, என்ன பேனு?"

அந்தப் படத்தை நான் நூறு சபைகளிலாவது காட்டியிருப்பேன். அந்தப் பிள்ளை தலையைச் சொறிவது எனக்கே தெரியாது. இருபத்தாறு வயதுத் தரப் பரிசோதகனுக்கும் தெரியாது. நூற்றுச் சொச்சம் பெண்களுக்குத் தினமும் சோறு போட்டு, ஜுரம் வந்தால் கஞ்சி வைத்து, தலை பார்க்கத் தெரிந்த ஒருவருக்குத்தான் தெரியும். எழுதினவரைப் பாருங்கள் என்று சகோதரி சொன்னாரே, அதற்கு அர்த்தம் அப்போதுதான் எனக்கு உறைத்தது. காப்பாளர் வேண்டும் என்று நான் கூவிக் கூவி அறிவித்தபோதெல்லாம், என் காலடியில் பாயில் ஒரு காப்பாளர் உட்கார்ந்திருந்தார்.

அவசரத்தில் எடுத்த முடிவுகளில் எனக்கு அமைந்த நல்லது அது ஒன்றுதான். "பைக்கை எடு" என்றேன்.

அஸ்தினாபுரத்திலிருந்து பொத்தேரிக்கு, சனிக்கிழமை மாலை ஜி.எஸ்.டி. ரோட்டில், என் கனத்தைப் பின்னால் வைத்துக்கொண்டு ஓட்டுவது எந்தப் பொருத்தனையிலும் சேராத தியாகம். பெருங்களத்தூரில் அரை மணி நேரம் நின்றோம். வண்டலூர் வருவதற்குள் நான் என் சாவுக்கான ஆராதனை ஒழுங்கை முடிவு செய்துவிட்டேன்.

விடுதிச் சமையலறையில் மாலை டிபன் வேலை நடந்துகொண்டிருந்தது. லில்லி அக்கா பெரிய அண்டாவில் சாம்பாரைக் கிளறிக்கொண்டிருந்தார். தோசை ஊற்றிக்கொண்டிருந்த சமையல் மாஸ்டர் என்னைப் பார்த்துவிட்டு, "அக்கா, உன்னைத் தேடிகினு யாரோ பெரியவர் வந்துகிறாரு, மூஞ்சி பேஜாரா கீது" என்றார்.

நான் நாளைய நிகழ்ச்சி பற்றிப் பேச வந்திருக்கிறேன் என்று லில்லி அக்கா நினைத்தார். ஆசீர் போகவேண்டாம் என்று நான் சொன்னதும் முகம் வெளுத்துவிட்டது. மகனைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை, என்னிடமே பேசினார். வாக்குக் கொடுத்தாயிற்று, கொடுத்ததைத் திரும்ப வாங்கிக்கொள் என்று ஒரு ஊழியக்காரரே வந்து சொல்லலாமா என்று கேட்டார். கேட்டது நியாயம்.

நான் படிவத்தை நீட்டினேன்.

"இதை யார் எழுதினது அக்கா?"

"நான்தான். அவன் எழுத்து யாருக்குப் புரியும்?"

"எழுத்தைக் கேக்கல. இதுல 'போக வேண்டும்'னு இருக்கே, அது யாரு?"

கரண்டி நின்றது. வாங்கிப் படித்தார். தான் எழுதியதைத்தான் முதல்முறை படிப்பதுபோலப் படித்தார். மாஸ்டர் ஒரு தோசையைக் கருகவிட்டார்.

"எனக்கு அம்பத்தொண்ணு பிரதர்" என்றார் கடைசியில். "சுகர் வேற."

"வயசு இவ்வளவுதான் இருக்கணும்னு நான் எப்பவாவது சொல்லியிருக்கேனா?"

"ஒவ்வொரு வாட்டியும் சொல்லுவீங்களே. இளைஞனே, இளைஞனேன்னுதானே கூப்பிடுவீங்க. நாங்க குனிஞ்சு காணிக்கைக் கவரைத் தேடிக்குவோம்."

என் இருபத்தொன்பது வருடப் பிரசங்கத்துக்கு வந்த ஒரே மதிப்புரை இதுதான். அதன் பிறகு எனக்கு வேறு மதிப்புரை தேவைப்படவில்லை.

ஆனால் அவருடைய பயம் அங்கேயேதான் இருந்தது. அண்டாவுக்குப் பின்னால் நின்றுகொண்டு, தாழ்ந்த குரலில் கேட்டார்: "சரி, இவன் போகல. நாளைக்கு இவனுக்கு ஒண்ணு ஆச்சுன்னா? அன்னிக்கு நீங்க வந்து எனக்குப் பதில் சொல்லுவீங்களா?"

தம்பிமாரே, தங்கைமாரே, இந்தக் கேள்வி உங்களுக்கும் ஒருநாள் வரும். மேடையில் எனக்கு எல்லாவற்றுக்கும் பதில் உண்டு. இது சமையலறை.

"சொல்ல முடியாதுக்கா. எனக்குத் தெரியாது" என்றேன். "ஆனா பயத்துல இவனை ரயிலேத்தி விட்டா, அங்க போயி இவன் அழுவான். அந்தப் பொண்ணு தலையில பேன் அப்படியேதான் இருக்கும்."

அதுவரை கதவருகே நின்றிருந்த ஆசீர் அப்போதுதான் வாயைத் திறந்தான். "அம்மா, நீ என்னைக் குடுத்துட்டே. அவரும் வாங்கிக்கிட்டாரு. வாங்கினவருக்கு என்னை எங்க வைக்கணும்னு தெரியாதா? இப்போதைக்கு மறைமலைநகர்ல வச்சிருக்காரு. நீ போறதா இருந்தா உன்னை நான் தாங்குறேன். அதுக்காகத்தான் என்னைப் பிழைக்க வச்சாரோ என்னவோ."

"நல்லாத்தான் பேசுற" என்றார் லில்லி அக்கா. "இவ்வளவு பேசத் தெரிஞ்சவன் ஊழியத்துக்கே போயிருக்கலாம்."

போகிறேன் என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை. திரும்பி நின்று சாம்பாரில் உப்புப் போட்டார். "ஏற்கெனவே போட்டுட்டக்கா" என்றார் மாஸ்டர். அன்று மாலை அந்த விடுதிப் பெண்கள் சாப்பிட்ட சாம்பாருக்கு நான்தான் பொறுப்பு. இவ்வளவு நாள் கழித்து மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன்.

மறுநாள் பேனருக்குக் கீழே நின்றேன். அர்ப்பணிப்பு ஆராதனை என்று என் தலைக்கு மேல் எழுதியிருந்தது. ஆயரிடம் காலையிலேயே சொல்லியிருந்தேன். அவர் நெடுநேரம் தன் நெற்றியைத் தேய்த்துவிட்டு, "நீங்களே சொல்லிடுங்க" என்றார். இன்று அர்ப்பணிப்பு இல்லை, அட்டையில் இருக்கிற தம்பி போகவில்லை, தவறு அவனுடையது இல்லை, அவன் மனதைக் கேட்காமலே அட்டை அடித்தவன் நான் என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தேன். என் வாழ்நாளிலேயே மிகச் சிறிய செய்தி. அதற்காகவே இரண்டு பேர் வந்து கையைப் பிடித்துப் பாராட்டினார்கள். பிரியாணி மீதமாகவில்லை. லில்லி அக்கா பாயில், முதல் வரிசையில், தலை குனிந்து உட்கார்ந்திருந்தார். நான் யாரையும் எழுந்து நிற்கச் சொல்லவில்லை.

கமிட்டியில் மறுபடி தண்ணீர் குடிக்க ஆரம்பித்தார்கள். பொத்தேரிக்குப் போன் போடக் கை துறுதுறுத்தது. போடவில்லை. இந்த வேலையில் நான் செய்த கடினமான காரியம் எது என்று கேட்டால், போன் போடாத அந்த மூன்று வாரம் என்பேன்.

மூன்றாம் வாரம், மதியச் சாப்பாட்டு நேரத்தில், லில்லி அக்கா அலுவலகத்துக்கு வந்தார். நாற்காலி போட்டும் உட்காரவில்லை.

"அங்க கேஸ் அடுப்பா, விறகடுப்பா?" என்று கேட்டார்.

விறகடுப்பு என்றேன்.

"அப்ப அடி கனமான அண்டா ரெண்டு வேணும். இங்கிருந்தே எடுத்துட்டுப் போயிடலாம். அங்க கிடைக்குமோ என்னவோ."

அதற்குள் அந்தப் பெயரில்லாத சகோதரி ஒரு புதிய படிவத்தை மேஜையில் வைத்தார். முதல் பக்கம், மூன்றாம் பக்கம், நாலாம் பக்கம் மட்டும் இருந்தன. "ரெண்டாம் பக்கம் வேண்டாம்மா. அது எங்ககிட்ட ஏற்கெனவே இருக்கு" என்றார்.

கமிட்டி லேசில் விடவில்லை. விதிப்படி வயது வரம்பு முப்பத்தைந்து. ஓய்வெடுக்கிற வயதில் ஊழியமா, மொழி எப்படிப் படிப்பார், சர்க்கரைக்கு மாத்திரை எங்கே வாங்குவார் என்று கேட்டார்கள். நான் கமிட்டியில் சண்டை போட்டு ஜெயித்தது அந்த ஒரு தரம்தான். இளைஞர்களுக்கு ஞானத்தைத் தாரும் என்று வாராவாரம் ஜெபிக்கிறோம், ஞானம் ஐம்பத்தொரு வயதில் சர்க்கரை மாத்திரையோடு தானே நடந்து வந்தால் வயது அதிகம் என்கிறோமே என்று கேட்டேன். பிறகு இரண்டாம் பக்கத்தை மறுபடி வாசித்தேன், இந்தமுறை சரியான பெயரில். ஒருவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அவர்தான் வயது வரம்பை எழுதியவர்.

தாங்குகிறவர், அதாவது மாதாமாதம் பணம் கொடுக்கிறவர், என்ற இடத்தில் ஆசீர் கையெழுத்துப் போட்டான். பிள்ளைகளைப் பெற்றோர் தாங்குவதுதான் எங்கள் பதிவேட்டில் வழக்கம். தலைகீழாக வந்தது இது ஒன்றுதான். இன்றுவரை ஒரு மாதம் தவறியதில்லை. நான் அறைகூவல் விடுத்ததில் கடைசி பெஞ்சிலிருந்து கிடைத்தவர்களிலேயே உறுதியானவன் அவன். ஆனால் நான் கேட்டது ஒன்று, அவன் கொடுக்கப் பிறந்தது வேறொன்று. கொடுப்பதும் ஒரு அழைப்புதான். அதைப் போக முடியாதவர்களுக்கான ஆறுதல் பரிசு மாதிரி நான் அறிவித்துக்கொண்டிருந்தேன்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அக்கா கிளம்புகிற அன்று விடுதிப் பெண்கள் வாசலில் கூடிவிட்டார்கள். பெரும்பாலோர் எந்தத் தேவாலயத்துக்குள்ளும் காலெடுத்து வைக்காதவர்கள். பத்து மணிக்குக் கேட்டைப் பூட்டுகிறார், அரியர் வைத்தால் அம்மா மாதிரித் திட்டுகிறார் என்று நாலு வருடமாக அவரைக் கரித்துக்கொட்டியவர்கள். ஒரு பெரிய சூட்கேஸைக் கொண்டுவந்து வைத்தார்கள். திறந்தால் பேன் சீப்பு. டஜன் டஜனாகப் பேன் சீப்பு, ரிப்பன், தேங்காயெண்ணெய். ஓரத்தில் ஆந்திராப் பெண் ஒருத்தி வைத்த கோங்குரா ஊறுகாய், வார்டனுக்கென்று சீட்டு ஒட்டி. இவர்களிடம் யார் கேட்டது என்று ஆசீரிடம் விசாரித்தேன். யாரும் கேட்கவில்லை. சமையல் மாஸ்டர்தான் கதையைச் சொல்லிவிட்டாராம். என் கூட்டங்களில் ப்ரொஜெக்டர், கீபோர்டு, தாழ்ந்த குரல் எல்லாம் வைத்து நான் சாதிக்காததை அவர் ஒரு தோசைக் கரண்டியோடு சாதித்திருந்தார்.

மிச்சம் இருப்பது அந்த ஜெப அட்டைகள். போனது போனதுதான், ஒன்றுகூடத் திரும்பி வரவில்லை. குரோம்பேட்டை மார்க்கெட்டிலோ தாம்பரம் ஸ்டேஷனிலோ ஆசீரைப் பார்க்கிற அம்மாக்கள் இப்போதும் நிறுத்தி, "என்னப்பா, லீவுல வந்திருக்கியா? பணித்தளம் எப்படி இருக்கு?" என்று விசாரிக்கிறார்கள். முதலில் விளக்கிக்கொண்டிருந்தான். இப்போதெல்லாம், "அம்மா நல்லா இருக்காங்க ஆண்ட்டி" என்று மட்டும் சொல்கிறானாம்.

முதல் விடுமுறையில் லில்லி அக்கா என் வீட்டுக்கு வந்தார். கறுத்து இளைத்திருந்தார், சர்க்கரை குறைந்திருந்தது. இடது பக்கம் கடைசிப் பிள்ளையைப் பற்றிக் கேட்டேன். இப்போது அவள்தான் மற்றப் பிள்ளைகளுக்குத் தலை பார்க்கிறாளாம். ஆசீர் பைக்கில் தாமதமாக வந்தால் இன்னும் அழுகிறீர்களா என்றும் கேட்டேன்.

"அவன் லேட்டா வர்றது எனக்கெங்க தெரியுது பிரதர்? ஏழு மணிக்கு மேல அங்க டவரே கிடைக்காது" என்று சிரித்தார்.

தண்ணீர் எடுக்கக் குளிர்சாதனப் பெட்டியருகே போனவர் அங்கேயே நின்றுவிட்டார். கதவில் அந்த அட்டை. கூடாரத்துக்குள்ளிருந்து எட்டிப் பார்க்கும் ஆசீர். வெட்கமாகிவிட்டது, கழற்றப் போனேன்.

"இருக்கட்டும், எடுக்காதீங்க" என்றார். "எனக்கு அங்க முப்பது பிள்ளைங்க ஜெபம் பண்ணுது. இவனுக்குத்தான் ஆள் வேணும்."

அட்டையைத் தானே கழற்றி, பின்பக்கம் திருப்பினார். என் சட்டைப்பையிலிருந்த பேனாவை எடுத்து நின்றபடியே எழுதி, மறுபடி ஒட்டினார், எழுதிய பக்கம் வெளியே தெரியும்படி. இன்று காலை பால் எடுக்கும்போதுகூடப் படித்தேன்: "தனியாகச் சமைக்கிறான், பருப்பு வேகவிடுவதில்லை. பெண் பார்க்க வேண்டும். பைக்கை மெதுவாக ஓட்ட வேண்டும்."

அதே முத்து முத்தான எழுத்து. இந்தமுறை எழுதியிருந்தது அவனைப் பற்றித்தான்.